நகராட்சியால் ஆயுளைக் கூட்ட முடியுமா?

கணக்குப்பிள்ளை:
ஏழை, பணக்காரர் எல்லோருக்கும் ஒரே அளவு ஆரோக்கியம் வேண்டுமாம், மாநகராட்சிகள் இப்போது 'உடல்நலச் சமத்துவம்' என்று கொள்கை எழுதக் கிளம்பியிருக்கின்றன. நோய்க்கு வேர் வறுமை. அதைத் தீர்க்கும் பணமும் அதிகாரமும் மேலே இருக்கும் அரசுகளிடம்தான். நகராட்சி குப்பையை ஒழுங்காக அள்ளினால் போதும்.

தெருவிளக்கு:
எந்தத் தெருவில் முதலில் அள்ளுவது என்பதுதானே ஐயா கேள்வியே! ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில், ஏழைகள் வாழும் கால்ட்டன் பகுதியில் ஆண்களின் சராசரி ஆயுள் 54 வயது, சில மைல் தள்ளியிருக்கும் வசதியான லென்சியில் 82. மைக்கேல் மார்மட் தலைமையிலான உலக சுகாதார நிறுவன ஆணையம் 2008இல் காட்டிய கணக்கு இது. இரண்டு இடத்துக்கும் அரசு ஒன்றுதான், கட்டணமில்லாப் பொது மருத்துவமும் ஒன்றுதான்.

கணக்குப்பிள்ளை:
எனக்குச் சாதகமாகவே பேசுகிறீர்கள். அங்கே ஆலைகள் மூடி வேலை போனது. அதைத் தீர்மானம் போட்டுத் திருப்பித் தர முடியுமா? அமெரிக்காவின் பிலடெல்பியா நகராட்சி 2017இல் இனிப்புப் பானங்களுக்கு வரி போட்டது. வசதியானவருக்கு அது சில்லறை, ஏழைக்குத்தான் சுமை.

மழைநீர்:
வரிச்சுமை பற்றிச் சொன்னது சரி. ஆனால் அந்தப் பணத்தில் மழலையர் கல்வியும் பூங்காக்களும் நடக்கின்றன, அதையும் சேர்த்துச் சொல்லுங்கள். மேலே இருக்கும் அரசு என்றால் எனக்கு அமெரிக்காவின் பிளின்ட் நகரம்தான் நினைவுக்கு வருகிறது. மாநில அரசு அமர்த்திய நிர்வாகியின் பொறுப்பில் இருந்தபோது, 2014இல் செலவைக் குறைக்கக் குடிநீரை ஆற்றுக்கு மாற்றினார்கள். குழாய் அரிக்காமலிருக்கச் சேர்க்க வேண்டிய மருந்தைச் சேர்க்கவில்லை. பழைய குழாய்களின் ஈயம் பிள்ளைகளின் குவளைக்கு வந்தது.

தெருவிளக்கு:
நான் வரிக்காக மல்லுக்கட்டவில்லை. நகராட்சியின் புகார்ப் பதிவேட்டைப் பற்றித்தான் பேச வந்தேன். 'புகார் வந்தால் சரிசெய்வோம்' என்பது கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. பூங்காவில் ஊஞ்சல் சங்கிலி அறுந்தால் அன்றைக்கே மூன்று பேர் செல்போனில் படம் எடுத்து அனுப்புவார்கள். நள்ளிரவில் எழுந்து குழாயடியில் குடத்தை வரிசையில் வைத்துவிட்டு, விடிந்ததும் கூலி வேலைக்கு ஓடும் பெண் எப்போது புகார் எழுதுவாள்? அவள் தெருவில் குறையே இல்லை என்று பதிவேடு சொல்லும். வயிற்றுப்போக்கு, ஈயம், வெயில் மயக்கம் எங்கே அதிகம் என்று பார்த்து, அந்தத் தெருவிலிருந்து வேலையைத் தொடங்குங்கள் என்கிறேன். இதற்குப் புதிய அதிகாரம் எதுவும் வேண்டாம்.

கணக்குப்பிள்ளை:
தொடங்கினால்? மரம் நட்டு, நடைபாதை போட்டு, தெரு அழகானதும் வாடகை ஏறும். அந்தப் பெண் ஊர் எல்லைக்குப் போய்விடுவாள். நிழல் வேறு யாருக்கோ!

மழைநீர்:
இதற்கு என்னிடம் முழு விடை இல்லை. வாடகைதாரரை வெளியேற்றத் தடையும் நகராட்சிக் குடியிருப்பும் கூடவே வராவிட்டால் நீங்கள் சொல்வதுதான் நடக்கும். அதற்காகக் குழாயை மாற்றாமல் விடுவதா?

கணக்குப்பிள்ளை:
குழாயை மாற்றட்டும், மறுக்கவில்லை. பதிவேட்டு விஷயமும் யோசிக்க வேண்டியதுதான். ஆனால் எந்தத் தெரு முதலில் என்று முடிவு செய்வது கவுன்சிலர்தானே? அவர் வீட்டுத் தெருவில்தான் முதல் பள்ளம் தோண்டுவார்கள்.

தெருவிளக்கு:
அதனால்தான் தெருக்களின் வரிசையை ஒப்பந்தப்புள்ளி கோருவதற்கு முன்பே எழுதி, வார்டு அலுவலக வாசலில் ஒட்டச் சொல்கிறேன்.