கை மாறும்போது நின்றுபோகும் சிபிஆர்

நைட்_ட்யூட்டி:
இதயம் நின்றவருக்கு சிபிஆர் (நெஞ்சை அழுத்தி, மூச்சு கொடுப்பது) நடக்கிறது. கட்டிலைச் சுற்றி ஆறு பேர், நெஞ்சில் ஒரு கைகூட இல்லை. இரண்டு நிமிடம் முடிந்ததும் அழுத்திக்கொண்டிருந்தவர் விலகிவிட்டார். எதிர்ப்பக்கம் நின்றவர் அங்கிருந்தே கை வைக்காமல் கட்டிலைச் சுற்றிக்கொண்டு வருகிறார். மானிட்டரில் 14 நொடி இடைவெளி. ஆள் மாற 5 நொடி போதும், எதற்காக நிறுத்தினாலும் 10-ஐத் தாண்டக் கூடாது. நிறுத்தினால் ரத்த அழுத்தம் சட்டென விழுந்துவிடும். திரும்ப ஏற்ற நெஞ்சைப் பல முறை அழுத்த வேண்டும். கடைசி ஐந்தைச் சத்தமாக எண்ணினால் அடுத்தவர் கை நெஞ்சுக்கு மேலேயே காத்திருக்கும்.

ஆம்பு_பேக்:
14 நொடியையே பிடித்துத் தொங்குகிறீர்கள். மூச்சு கொடுக்கும் பேக்கை அமுக்குபவரை யார் கவனித்தது? மூச்சுக்குழாயில் டியூப் போட்டபின் 6 நொடிக்கு ஒரு மூச்சு, அவ்வளவுதான். பதற்றத்தில் நிமிடத்துக்கு 30 என்று அமுக்கினால் நெஞ்சுக்குள் அழுத்தம் ஏறி, இதயத்துக்குத் திரும்பும் ரத்தம் குறையும். அப்புறம் எவ்வளவு நன்றாக அழுத்தி என்ன, தள்ள ரத்தம் வேண்டாமா? டியூப் இல்லையென்றால் 30 அழுத்தத்துக்கு 2 மூச்சு. நெஞ்சு லேசாக எழுந்தால் போதும். மாஸ்க்கை ஒருவர் இரண்டு கையாலும் பிடிக்கட்டும். 30 முடித்து நிற்கிறாரே, அழுத்துபவர், அவரே பேக்கை அமுக்கலாம்.

ஷாக்_பட்டன்:
இரண்டுமே சரி. ஆனால் அதிக நேரம் போவது இதயத்துக்குக் கொடுக்கும் மின் அதிர்ச்சியை, அதாவது ஷாக்கைச் சுற்றித்தான். கையால் இயக்கும் டிஃபிப்ரிலேட்டர் (ஷாக் கொடுக்கும் கருவி) என்றால், ரிதம் (திரையில் தெரியும் இதயத் துடிப்பின் ஒழுங்கு) பார்க்கும் நேரத்துக்கு 15 நொடி முன்பே, அழுத்தம் ஓடும்போதே சார்ஜ் ஏற்றுங்கள். கையெடுத்து, ரிதம் பார்த்து, ஆக்சிஜனைத் தள்ளிவைத்து, எல்லோரும் விலகியதும் ஷாக். ரிதம் ஷாக்குக்கு உரியதில்லை என்றால் சார்ஜை இறக்கிவிட்டு அழுத்தத்தைத் தொடருங்கள். ஷாக் போனதும் எல்லாக் கண்ணும் திரைக்கு ஓடும். திரையில் கோடு அழகாக வந்தாலும் இதயம் ரத்தத்தைத் தள்ளுகிறது என்று அர்த்தமில்லை. உடனே கை வையுங்கள், பல்ஸ் இரண்டு நிமிடம் கழித்து. ஏஇடி (தானே ரிதம் பார்த்துச் சொல்லும் ஷாக் கருவி) என்றால் அது சொல்லும்போது மட்டும் கையெடுத்தால் போதும்.

குறிப்பேடு:
“யாராவது அட்ரினலின் ஊசி போடுங்க” என்றால் ஒன்று யாருமே போடமாட்டார்கள், இல்லை இரண்டு பேர் போடுவார்கள். பெயர் சொல்லிக் கேளுங்கள். போட்டவர் “1 மில்லிகிராம் போட்டாச்சு” என்று திருப்பிச் சொல்ல வேண்டும். பின்னாலேயே 20 மில்லி சலைன், ஊசி போட்ட கையைத் தூக்கிப் பிடிக்கணும். அடுத்த டோஸ் 3 முதல் 5 நிமிடத்துக்குள். நேரம் எழுதுபவர் வாய்விட்டுச் சொல்லட்டும்.

நைட்_ட்யூட்டி:
அழுத்துபவர் ஏறி நிற்க வேண்டிய ஸ்டூலை யாருமே சொல்லவில்லையே! கட்டில் உயரமாக இருந்தால் முழங்கை மடங்கும், நெஞ்சு 5 சென்டிமீட்டர் இறங்காது. மெத்தைக்கு மேல், நோயாளியின் முதுகுக்கு அடியில் பலகை போடாவிட்டால் இறங்குவது மெத்தைதான்.