பழைய எஸ்19ஜே ப்ரோ பாதி விலைக்கு வருது, முழுப் பணமும் முன்னாடியே கேட்கிறார்: எதை எதைச் சோதிக்கணும்?

மாடிவீட்டு_மைனர்:

வணக்கம். பிட்காயின் மைனிங் பண்ற ஆன்ட்மைனர் எஸ்19ஜே ப்ரோ, 100 டெராஹேஷ் (விநாடிக்கு 100 லட்சம் கோடி ஹேஷ் கணக்கு போடுற வேகம்), ஒரே ஒரு மிஷின். பிட்காயின்டாக் ஃபோரத்தில் ஒருத்தர் விற்கிறார், மற்றவங்க சொல்ற விலையில் பாதிதான். கணக்கு 2017-ல் தொடங்கினது, ஹீரோ மெம்பர் (அங்கே உயர்ந்த ரேங்க்களில் ஒண்ணு), பாசிட்டிவ் ஃபீட்பேக் நாலைஞ்சு இருக்கு. நடுவில் மூணு வருஷம் ஒரு பதிவும் இல்லை, போன மாசம்தான் திரும்ப வந்திருக்கார். மிஷினோட ஸ்டேட்டஸ் பக்கம், பூல் (பல மிஷின்கள் சேர்ந்து மைன் பண்ணி வரவைப் பிரிச்சுக்கிற சேவை) டாஷ்போர்டு ரெண்டுக்கும் ஸ்க்ரீன்ஷாட் அனுப்பினார். முழுத் தொகையும் யுஎஸ்டிடி-யில் (டாலர் மதிப்புள்ள கிரிப்டோ காயின்) முன்கூட்டியே போடணுமாம். எஸ்க்ரோ (பொருள் வரும் வரை பணத்தை ஒரு நடுவர் வச்சிருக்கிறது) கேட்டதும் அவரே ஒரு தளத்தோட லிங்க் கொடுத்தார்.

ஈரோட்டில் வீட்டு மாடியில் வைக்கிற திட்டம். சிங்கிள் ஃபேஸ், 16 ஆம்பியர் பிளக் ஒண்ணு இருக்கு. அவர்கிட்ட என்னென்ன கேட்டு வாங்கணும்?

மூணாவது_சாவி:

மிஷினை விடுங்க, முதல்ல கணக்கைப் பாருங்க. மூணு வருஷம் தூங்கிட்டு எழுந்த ஹீரோ கணக்கு பெரும்பாலும் விலைக்கு வாங்கினதா இருக்கும், இல்லை பாஸ்வேர்ட் திருடினதா இருக்கும். ஃபீட்பேக் எண்ணிக்கையைப் பார்த்து முடிவு பண்ணாதீங்க. ஒவ்வொண்ணுக்கும் பக்கத்தில் ரெஃபரன்ஸ் லிங்க் இருக்கும், அதைத் திறந்து அந்த வியாபாரம் எவ்வளவு தொகைக்கு நடந்ததுன்னு படிங்க. 2017-ல் முப்பது டாலர் பொருள் ஒழுங்கா அனுப்பினவர்ங்கிறது இன்னைக்கு ஒரு மிஷின் விலைக்கு ஜாமீன் ஆகாது.

அவரோட பழைய பதிவுகளில், முகவரி பதிவு பண்ற திரியில் போட்டதோ வேற எங்கயாவது போட்டதோ, ஒரு பிட்காயின் முகவரி கிடைக்குதான்னு தேடுங்க. அந்தப் பதிவு சமீபத்தில் திருத்தப்பட்டிருக்கான்னு கீழே பாருங்க. திருத்தாத பதிவுன்னா, அந்த முகவரியோட ரகசியச் சாவியால் ஒரு செய்தியில் டிஜிட்டல் கையெழுத்து போட்டு அனுப்பச் சொல்லுங்க. வாசகம் நீங்க சொல்றதா இருக்கணும்: உங்க பயனர் பெயர், இன்றைய தேதி, மிஷின் சீரியல் எண், விலை. தேதி இல்லாத வாசகம்னா எப்பவோ போட்ட கையெழுத்தை மறுபடி ஒட்டிடலாம். 1-ல் தொடங்கும் முகவரின்னா எலெக்ட்ரம் வாலட் ஆப்பிலேயே சரிபார்க்கலாம். சாவி தொலைஞ்சு போச்சுன்னு சொன்னா, அந்தக் கணக்கைப் புதுக் கணக்காவே நினைச்சுப் பேசுங்க.

விற்கிறவர் கொடுத்த எஸ்க்ரோ லிங்க்கைத் திறக்கவே வேண்டாம். நடுவர் நீங்க தேர்ந்தெடுத்தவரா இருக்கணும். அவரோட ப்ரொஃபைல் பக்கத்துக்கு நீங்களே போய், அங்கிருந்து தனிச்செய்தி அனுப்புங்க. பெயரில் சின்ன எல்லுக்குப் பதிலா பெரிய ஐ போட்டு அதே மாதிரி கணக்கு வச்சிருக்கிறவங்க உண்டு, டெலிகிராமில் இன்னும் அதிகம்.

பிட்காயினில் கொடுக்கிறதா இருந்தா மூணில் ரெண்டு மல்டிசிக் (மூணு சாவியில் ரெண்டு கையெழுத்து போட்டாத்தான் பணம் நகரும்) நல்ல வழி. நீங்க, அவர், நடுவர், ஆளுக்கு ஒரு வாலட்டில் சாவி உருவாக்கி, எக்ஸ்பப் (பணத்தை எடுக்க முடியாத பொதுச் சாவி) மட்டும் பகிரணும். மூணு எக்ஸ்பப்பையும் ஸ்பேரோ வாலட்டிலோ எலெக்ட்ரமிலோ நீங்களே ஏற்றி, வர்ற முதல் முகவரி மற்ற ரெண்டு பேருக்கும் அதேதானான்னு ஒப்பிட்ட பிறகுதான் பணம் போடணும். “நானே மல்டிசிக் தயார் பண்ணிட்டேன், இந்த முகவரிக்கு அனுப்புங்க”ன்னு வந்தா மூணு சாவியும் அவர் கையில்தான் இருக்கு.

ஹேஷ்போர்டு_டாக்டர்:

ஸ்டேட்டஸ் ஸ்க்ரீன்ஷாட் ஆதாரமே இல்லை. அது ஒரு வெப் பக்கம், பிரவுசரில் இன்ஸ்பெக்ட் போட்டு எந்த எண்ணையும் ரெண்டு நிமிஷத்தில் மாற்றலாம். வெட்டாத ஒரே வீடியோ கேளுங்க. சீரியல் ஸ்டிக்கர், பக்கத்தில் உங்க பெயரும் தேதியும் எழுதின காகிதம், அங்கிருந்து கேமரா நகர்ந்து கம்ப்யூட்டருக்குப் போய் பக்கத்தை ரீஃப்ரெஷ் பண்ணணும், பிறகு கெர்னல் லாக்கை (மிஷின் தானே எழுதுற பதிவேடு) மேலிருந்து கீழ் வரை உருட்டணும். எஸ்19ஜே ப்ரோவில் மூணு ஹேஷ்போர்டு, போர்டுக்கு 126 சிப். ஒவ்வொரு செயினுக்கும் (அதாவது போர்டுக்கும்) லாக்கில் 126 ஏசிக் (சிப்) கிடைச்சதுன்னு வரணும். மொத்த ஹேஷ்ரேட் 66 பக்கம் நின்னா ஒரு போர்டு வேலை செய்யலைன்னு அர்த்தம்.

அதுக்கப்புறம் 24 மணி நேரம் உங்க பூல் கணக்கில் ஓட்டச் சொல்லுங்க, வொர்க்கர் பெயர் (பூலில் மிஷினுக்கு வைக்கிற பெயர்) நீங்க கொடுத்ததா இருக்கட்டும். பூல் காட்டுற 15 நிமிஷ எண் ஏறி இறங்கும், 24 மணி நேர சராசரியைத்தான் பார்க்கணும். இதிலும் ஓட்டை உண்டு: 100 டெராஹேஷை வாடகைச் சந்தையில் ஒரு நாளுக்கு எடுத்து உங்க பூலுக்குத் திருப்பிவிட முடியும். அதனால நடுவில் வீடியோ காலில் கூப்பிட்டு, அந்த மிஷினோட லேன் கேபிளைப் பத்து நிமிஷம் பிடுங்கச் சொல்லுங்க. பூல் வரைபடத்தில் அந்தப் பள்ளம் விழணும்.

மிஷின் வந்ததும் பெட்டி பிரிக்கிறதை வீடியோ எடுங்க. கூரியர் ரசீதில் எடை பாருங்க: மிஷின் மட்டுமே 13 முதல் 15 கிலோ இருக்கும், பெட்டியோட சேர்த்து அதுக்கும் கீழே வந்தா பிரிக்கிறதுக்கு முன்னாடியே நடுவருக்குச் சொல்லிடுங்க. ஓட்டுறதுக்கு முன்னாடி ஃபர்ம்வேரை (மிஷினுக்குள்ள இருக்கிற மென்பொருள்) மாற்றணும், ஏன்னா பழைய மிஷினில் கொஞ்சம் ஹேஷை வேற பூலுக்குத் திருப்புற ஃபர்ம்வேர் இருக்கலாம். கண்ட்ரோல் போர்டு எந்த வகை, சைலிங்க்ஸா, பீகிள்போனா, ஏம்லாஜிக்கான்னு தெரிஞ்சுக்கிட்டு அதுக்குரிய ஃபைலைத் தயாரிப்பாளர் தளத்திலிருந்து மட்டும் எடுங்க. தப்பான ஃபைல் போட்டா போர்டு பூட் ஆகாது. ரூட் பாஸ்வேர்டையும் உடனே மாற்றிடுங்க.

பட்டறை_வயர்மேன்:

கரண்ட் பற்றி யாரும் சொல்லலை. இந்த மிஷின் இழுக்கிற 3,050 வாட்டை 230 வோல்ட்டால் வகுத்தா 13.3 ஆம்பியர், அதுவும் இரவு பகல் நிற்காம. 16 ஆம்பியர் பிளக்கில் இதை வச்சா பின் சூடாகி, கறுத்து, உருகலாம். மெயின் போர்டிலிருந்து தனியா 4 சதுர மில்லிமீட்டர் காப்பர் வயர், 20 ஆம்பியர் எம்சிபி, கடைசியில் ரெண்டு சாக்கெட். பவர் சப்ளையில் ரெண்டு கேபிள் இருக்கும், ஆளுக்கு ஒரு சாக்கெட். ரெண்டையும் ஒரே ஸ்பைக் பஸ்டரில் சொருகவே கூடாது. அந்தப் பவர் சப்ளைக்கு 200 வோல்ட்டுக்குக் குறையக் கூடாது, மாலையில் வோல்டேஜ் இறங்குற ஏரியான்னா மிஷின் நின்னு நின்னு ஓடும்.

சூடு: மணிக்கு ஏறக்குறைய 10,400 பிடியு. ஒரு டன் ஏசி முழுக்க ஓடி எடுக்கிற சூட்டில் முக்கால்வாசிக்கு மேல. சத்தம் 75 டெசிபல், மாடியில் வச்சா பக்கத்து வீட்டுக்காரர் முதல் ராத்திரியே கேட்பார்.

செலவு: நாளைக்கு 73.2 யூனிட். ரெண்டு மாச பில்லுக்கு 4,392 யூனிட், வீட்டு இணைப்பில் கடைசி ஸ்லாப். சும்மா 8 ரூபாய் வச்சாலும் நாளைக்கு 585 ரூபாய். வரவு? ஒரு பெட்டாஹேஷுக்கு (1,000 டெராஹேஷ்) நாளைக்கு 50 டாலர்னு வச்சா 100 டெராஹேஷுக்கு 5 டாலர், டாலர் 85-ன்னு போட்டா 425 ரூபாய். பூல் கமிஷன் கழிக்காமலே நாளுக்கு 160 ரூபாய் நஷ்டம். அந்த விலையில் யூனிட் 5 ரூபாய் 80 காசுக்குக் கீழே கிடைச்சாத்தான் கையைக் கடிக்காது. 2024 ஏப்ரலில் பிளாக் பரிசு (ஒரு பிளாக் கண்டுபிடிச்சா கிடைக்கிற புது பிட்காயின்) 3.125 பிட்காயினா குறைஞ்ச பிறகு பழைய மிஷின்கள் மலிவா வர்றதுக்கு இதுதான் காரணம். கிடைச்ச பிட்காயினை விற்கும்போது 30 சதவீத வரி வேற, அதில் கரண்ட் செலவைக் கழிக்கவும் முடியாது.

மிஷினை வாங்க வேண்டாம்னு சொல்லலை. கணக்குப் போட்டுட்டு வாங்குங்க.

மாடிவீட்டு_மைனர்:

ரொம்ப நன்றி. கேட்டதில் பாதி கிடைச்சது. சாவி பழைய லேப்டாப்போட போயிடுச்சாம். வீடியோ மூணு நிமிஷம், லாக் தெரியுது: செயின் 0, செயின் 1 முதல் முயற்சியிலேயே 126. செயின் 2 முதல் ரெண்டு முயற்சியில் 48, மூணாவதில் 126. இது ஓகேவா? இன்னொண்ணு, கரண்ட் பிரச்சினைன்னா மிஷினை அவங்க மைனிங் ஃபார்மிலேயே வச்சு ஓட்டி மாசா மாசம் நிலையான தொகை தர்றேங்கிறார்.

ஹேஷ்போர்டு_டாக்டர்:

ஓகே இல்லை. 126 சிப்பும் 42 டொமைனா (சிப் குழு), டொமைனுக்கு மூணு சிப் வீதம், வரிசையா கோத்திருக்கும். சிக்னல் முதல் சிப்பிலிருந்து அடுத்ததுக்குத் தாவிப் போகும். 48-ல் நிற்குதுன்னா 16-வது டொமைன் வரை சிக்னல் போகுது, 17-ன் வாசலில் அறுந்து போகுது. மூணாவது முயற்சியில் சரியாச்சுன்னா சிப் செத்துப் போகலை, சால்டர் விரிசல் விட்டிருக்கு. போர்டு சூடாகி விரியும்போது ஒட்டிக்குது, ஆறினா விடுது. ஒரு மணி நேரம் ஆஃப் பண்ணி ஆற விட்டு மறுபடி போடச் சொல்லுங்க, அப்போ மூணு முயற்சியும் தோற்கலாம். கூரியரில் குலுங்கி வந்தா இந்த விரிசல் பெரிசாகும். டெஸ்ட் ஃபிக்ஸ்சரும் ஹாட் ஏர் ஸ்டேஷனும் இல்லாம வீட்டில் சரி பண்ண முடியாது. ரெண்டு போர்டு விலைக்குக் கொடுத்தா மட்டும் யோசிங்க.

மூணாவது_சாவி:

ரெண்டு போர்டு விலைக்கும் இவர்கிட்ட வேண்டாம். நிலையான மாசத் தொகைன்னு வந்ததுமே இது வேற வியாபாரம். டிஃபிகல்ட்டி (மைனிங் எவ்வளவு கடினம்ங்கிற அளவு), விலை, கமிஷன் எல்லாம் தினம் மாறுற தொழிலில் நிலையான தொகையை எந்த மிஷினும் தராது. கெயின்பிட்காயின்ங்கிற இந்திய மோசடித் திட்டம் இப்படித்தான், 18 மாசத்துக்கு மாசம் 10 சதவீதம்னு சொல்லி வசூல் பண்ணினாங்க. பணத்தை வாங்கி வச்சுக்கிட்டு மிஷினை இழுத்தடிச்சதுக்கு மைனிங் மிஷின் விற்ற பட்டர்ஃப்ளை லேப்ஸ் இருக்கு, 2014-ல் அமெரிக்காவின் வர்த்தக ஆணையமான எஃப்டிசி, நீதிமன்றம் போய் அதை நிறுத்த வேண்டி வந்தது.

ஏற்கனவே ஏதாவது அட்வான்ஸ் போட்டிருந்தா, அடுத்து “பார்சல் கஸ்டம்ஸில் நிற்குது, 400 டாலர் அனுப்புங்க”ன்னு வரும். சுங்க வரி கூரியர் மூலமாவோ நேரடியாவோ நீங்க கட்டுறது, விற்கிறவர் முகவரிக்கு ஒருபோதும் போகாது.

அவர் பதிவையும் எஸ்க்ரோ தளத்தையும் ஆர்க்கைவில் (இணையப் பக்கத்தோட நகலைச் சேமிக்கிற தளம்) இப்பவே சேமிச்சு வைங்க, கேள்வி கேட்டதும் அழிச்சிடுவாங்க. அந்த ஆர்க்கைவ் லிங்க், அவர் கொடுத்த யுஎஸ்டிடி முகவரி, வீடியோவில் தெரிஞ்ச சீரியல் எண், இந்த மூணையும் ஃபோரத்தோட ஸ்கேம் அக்யூசேஷன்ஸ் (மோசடிப் புகார்) பகுதியில் போடுங்க. அதே சீரியலோட வேற யாராவது புகார் கொடுத்திருக்காங்களான்னு அங்கேயே தேடிப் பாருங்க.