மக்காச்சோளப் படைப்புழு, புரொடீனியா, வெங்காயப் புழு மூணும் ஒண்ணா? எது நம்மூர்து, எது வெளிய இருந்து வந்தது?

கொல்லைமேட்டான் – இரவு 9.40

எல்லாருக்கும் வணக்கம். எங்களுக்குப் பெரம்பலூர் பக்கம், மானாவாரி. ரெண்டரை ஏக்கர் மக்காச்சோளம், அரை ஏக்கர் கிணத்துப் பாசனத்துல சின்ன வெங்காயம், வரப்புக்கு அந்தாண்ட சித்தப்பாவோட பருத்தி. இந்த வருஷம் மூணுலயும் புழு. சோளத்துல குருத்துக்குள்ள உக்காந்து மரத்தூள் மாதிரி கழிச்சு வச்சிருக்கு, வெங்காயத்தாள் வெளுத்துப் போய் காகிதம் மாதிரி தொங்குது, பருத்தி இலை சல்லடையா இருக்கு, அந்தப் பருத்திப் புழுவத்தான் இங்க புரொடீனியாங்கிறாங்க. மருந்துக்கடையில போய்க் கேட்டா எல்லாமே ஸ்போடாப்டீரா தம்பி, ஒரே இனம்தான், இதையே மூணுக்கும் அடின்னு ஒரே பாட்டிலக் கொடுத்துட்டாரு. சித்தப்பா ஏற்கனவே பருத்திக்கு இனக்கவர்ச்சிப் பொறி வச்சிருக்காரு, அதுல நிறைய விழுது, அந்தப் பொறிக்குள்ள வைக்கிற அதே வாசனை மாத்திரைய வாங்கி சோளத்துலயும் தொங்கவிட்டேன், 10 நாளாச்சு, உருப்படியா ஒண்ணும் விழல.

அப்புறம் எங்க வீட்டுத் திண்ணை லைட்டுக்கு ராத்திரி வர்ற அந்துப்பூச்சிய கொஞ்ச நாளா போட்டோ எடுத்துட்டு வரேன். பழுப்பு நிறத்துல மூணு தினுசு வருது, ஒண்ணோட ரெக்கையில மட்டும் வெள்ளைக் கோடு குறுக்கும் நெடுக்கும் ஓடுது. இதெல்லாம் அந்தப் புழுவோட தாய்ப்பூச்சிதானா? மூணும் நிஜமாவே ஒண்ணா, இல்ல வேற வேறயா? இந்த ஸ்போடாப்டீராவுல மொத்தம் எத்தனை இருக்கு, எதெது எந்த நாட்டுல இருக்குன்னு தெரிஞ்சவங்க சொன்னா நல்லாருக்கும். மருந்து அடிக்கிறதுக்கு முன்னாடி எதை அடிக்கிறோம்னாவது தெரிஞ்சுக்கணும்னு ஆசை.

—

இரவுவிளக்கு – இரவு 10.25

நல்ல கேள்வி, அதுவும் போட்டோ எடுக்குறீங்கன்னு சொன்னது ரொம்ப சந்தோஷம். வெள்ளைத் துணியும் லைட்டும் வச்சு அந்து பாக்குறது எனக்கு ஏழெட்டு வருஷப் பழக்கம், அதனால கொஞ்சம் நீளமா எழுதுறேன், பொறுத்துக்கங்க.

கடைக்காரர் சொன்னது பாதி சரி. ஸ்போடாப்டீராங்கிறது பேரினம். மாமரத்தையும் காட்டு மாவையும் ஒரே பேரினம்னு சொல்லுவோம்ல, அந்த மாதிரி. இது நாக்டுயிடேன்னு ஒரு பெரிய குடும்பத்துல வருது, லத்தீன்ல ஆந்தைக்கு நாக்டுவான்னு பேர், ராத்திரிதான் இதுங்களோட நடமாட்டம், அதான் ஆந்தை அந்துன்னு பேர் வந்தது. இந்தப் பேரினத்துக்குப் பேர் வச்சது குவெனேங்கிற பிரெஞ்சுக்காரர், 1852ல. உலகம் முழுக்க சுமார் 30 சிற்றினம், அதுல பாதிக்குப் பாதி வட, தென் அமெரிக்காவுலதான் இருக்கு. 30ல பயிருக்கு எமனா இருக்கிறது கிட்டத்தட்ட பாதி, மத்ததெல்லாம் காட்டுச் செடியத் தின்னுட்டு யாருக்கும் தெரியாம வாழுது.

உங்க கொல்லையில இருக்கிறது மூணு வேற வேற சிற்றினம்னுதான் எனக்குத் தோணுது.

பருத்தியில லிட்டூரா. வெள்ளைக் கோடு குறுக்கும் நெடுக்கும்னு சொன்னீங்களே, அது அநேகமா அதோட தாய்ப்பூச்சி. 1775லயே ஃபேப்ரிசியஸ் பேர் வச்சுட்டாரு. பாகிஸ்தான், இந்தியா, இலங்கைல இருந்து சீனா, ஜப்பான், ஆஸ்திரேலியா, பசிபிக் தீவுகள் வரைக்கும் இதோட ராஜ்ஜியம். 100க்கு மேல செடி வகை தின்னும், ஆமணக்குன்னா உசிரு.

வெங்காயத்துல எக்சிகுவா. லத்தீன்ல சின்னதுன்னு அர்த்தம், பூச்சியும் மத்த ரெண்டையும் விடச் சின்னதுதான், முன் ரெக்கையில ஆரஞ்சு சாயல்ல ஒரு வட்டப் பொட்டு இருக்கும். புழு வெங்காயத்தாள்ல ஓட்டை போட்டு உள்ள போயி, வெளித்தோல விட்டுட்டு உள்பக்கம் சுரண்டும், அதான் தாள் காகிதம் மாதிரி ஆயிடுது. இதுக்குப் பூர்வீகம் தென்கிழக்கு ஆசியான்னு சொல்றாங்க. 1876ல அமெரிக்காவுல ஒரேகான்ல பாத்திருக்காங்க, 1924க்குள்ள மறுகோடி ஃபுளோரிடாவுக்கே போயிடுச்சு. இன்னிக்கு ஐரோப்பா, ஆப்பிரிக்கா எல்லாத்துலயும் இருக்கு.

சோளத்துல ஃப்ரூஜிபெர்டா, நாம அமெரிக்கன் படைப்புழுன்னு சொல்றது. இது நேர் எதிர்த்திசையில வந்தது. 1797ல அமெரிக்காவுல ஜார்ஜியாப் பகுதிப் பூச்சிகளப் பத்தின புத்தகத்துல ஸ்மித் பேர் வச்சாரு, விளைஞ்சத நாசம் பண்றதுன்னு அர்த்தம் வர்ற பேர். இருநூறு வருஷத்துக்கு மேல அந்தக் கண்டங்கள விட்டு வெளிய பரவாம இருந்துச்சு. 2016ல மேற்கு ஆப்பிரிக்காவுல பாத்தாங்க, ரெண்டே வருஷத்துல சகாராவுக்குத் தெற்க கிட்டத்தட்ட எல்லா நாட்டுக்கும் பரவிடுச்சு, 2018 மே மாசம் கர்நாடகாவுல சிவமோகா, அதே வருஷம் தமிழ்நாடு.

புழுவப் புடிச்சு தலையப் பாருங்க, தலைகீழா ஒரு ஒய் எழுத்து வெள்ளையா தெரியும். வால் பக்கம் கடைசிக்கு முந்தி நாலு கறுப்புப் புள்ளி சதுரமா இருக்கும், கட்டம் போட்ட மாதிரி. ரெண்டும் இருந்தா ஃப்ரூஜிபெர்டாவேதான். உங்க பொறியில ஏன் விழலன்னா, பருத்திக்கு வச்சது லிட்டூரா பொட்டையோட வாசனை. ஃப்ரூஜிபெர்டா ஆணுக்கு அந்த வாசனை ஒரு பொருட்டே இல்ல.

—

கொல்லைமேட்டான் – இரவு 10.50

அண்ணே இவ்வளவு விவரமா யாரும் சொன்னதில்ல, ரொம்ப நன்றி. பொறி விஷயம் இப்பதான் புரியுது, கடையில ஸ்போடாப்டீரா மாத்திரைன்னு மட்டும்தான் கேட்டேன், அவரும் அதத்தான் கொடுத்தாரு.

இன்னொண்ணு. எங்க தாத்தா சொல்லுவாரு, அவர் சின்ன வயசுல நெல்லு நாத்தங்கால்ல படைப்புழு வந்து ஒரே ராத்திரியில மாடு மேஞ்ச மாதிரி ஆக்கிடும்னு. 2018லதான் வந்துச்சுன்னா தாத்தா பாத்தது எது?

—

பழைய வேளாண் ஆள் – காலை 6.15

தம்பி, உங்க தாத்தா சொன்னது உண்மைதான். அது மௌரீசியா. அதுவும் இதே ஸ்போடாப்டீராதான், ஆனா நம்மூர்ல ரொம்பக் காலமா இருக்கிறது. மொரீசியஸ் தீவுல கெடைச்சதால அந்தப் பேரு, 1833ல பாய்துவால்ங்கிறவர் வச்சது. ஆப்பிரிக்காவுல இருந்து இந்தியா, தென்கிழக்கு ஆசியா, ஹவாய் வரைக்கும் உண்டு, ஹவாயில நெல்லுக்குப் பதில் புல்தரையத் தின்னுது.

நான் வேலைக்குச் சேந்த புதுசுல படைப்புழுன்னா எங்களுக்கு மௌரீசியாதான். வெயிலு நல்லாக் காஞ்சு அப்புறம் திடீர்னு மழை கொட்டினா வரும், பகல்ல மண்ணுக்குள்ளயும் தூருக்குள்ளயும் கெடந்துட்டு ராத்திரி கூட்டமா ஒரு வயல்ல இருந்து இன்னொரு வயலுக்கு நடந்தே போகும், நாத்து மொட்டையா நிக்கும். அப்பல்லாம் நாத்தங்கால்ல தண்ணி கட்டி நிறுத்தச் சொல்லுவோம், மூச்சுமுட்டி புழு மேல வரும், கொக்கும் காக்காவும் மிச்சத்தப் பாத்துக்கும். சில பேர் தண்ணியில கொஞ்சம் மண்ணெண்ணெய் விடுவாங்க. வாத்து மேய்க்கிறவங்கள கூப்பிட்டு விடுறதும் உண்டு, அதுதான் எனக்குத் தெரிஞ்சு ரொம்ப நல்ல வழி.

2018ல புதுசு வந்ததும் அதுக்கும் படைப்புழுன்னே பேர் வச்சுட்டாங்க, ரெண்டும் ஒண்ணுன்னு எத்தனையோ பேர் நெனச்சுக் குழம்பிட்டாங்க, எனக்கு அதுல இன்னிக்கும் வருத்தம் உண்டு. இந்த போதாக்குறைக்கு சோளக்கதிரையும் நெற்கதிரையும் வெட்டுற மித்திம்னாவையும் சில பேர் படைப்புழுன்னுதான் சொல்றாங்க, அது ஆந்தை அந்துக் குடும்பம்தான், ஆனா பேரினமே வேற. புரொடீனியாங்கிறதும் இப்படித்தான், லிட்டூராவ முன்ன புரொடீனியாங்கிற பேரினத்துல வச்சிருந்தாங்க, விஞ்ஞானிங்க மாத்திட்டாங்க, நம்ம கடலைக்காரங்க மாத்தல.

பேர் சரியாத் தெரியணும்னு நான் அடிச்சுச் சொல்றதுக்குக் காரணம் இருக்கு. லிட்டூராவுக்கு என்.பி.வி.ன்னு ஒரு வைரஸ் கரைசல் இருக்கு, சாயங்காலமா அடிச்சா புழு தலைகீழா தொங்கிச் சாகும், மனுஷனுக்கும் தேனீக்கும் ஒண்ணும் பண்ணாது. ஆனா அந்தந்த புழுவுக்கு அந்தந்த வைரஸ். லிட்டூரா வைரஸ சோளத்துக்கு அடிச்சா காசுதான் போகும். ஆமணக்க வரப்போரமா நட்டு லிட்டூரா முட்டைக் குவியல அதுலயே கிள்ளி எடுக்கலாம், பருத்திக்கும் கடலைக்கும் அது பலன் தரும், ஃப்ரூஜிபெர்டாவுக்கு ஆமணக்கு எடுபடாது, அது சோளக் குருத்தத் தேடித்தான் போகும். சோளத்துக்கு விதைச்ச முதல் ஒரு மாசம் முக்கியம், புழு சின்னதா இருக்கும்போது பாத்துடணும், குருத்துக்குள்ள போயி உக்காந்துட்டா எந்த மருந்தும் உள்ள இறங்காது. கடைசி உழவுல வேப்பம்புண்ணாக்கு போட்டீங்களா?

—

வன்னிமண் – காலை 8.05

அண்ணாமார் எழுதினதை வாசிச்சனான், எங்கட கதையையும் சொல்லுறன். இலங்கையில இது 2018 கடைசியில பெரும்போகச் சோளத்துக்குள்ள வந்தது, அம்பாறை, அநுராதபுரம் பக்கம் எல்லாம் பெரிய அழிவு. சிங்களத்தில சேனா எண்டு பேர் வைச்சினம், தமிழில சேனா படைப்புழு. சேனை எண்டாலும் படைதான், படை எண்டாலும் படைதான், ரெண்டு தரம் சொல்லுறம், ஆனா இப்ப சின்னப் பிள்ளையளுக்கும் அந்தப் பேர்தான் தெரியும்.

எங்கட வளவுக்க கச்சானுக்கு, நீங்கள் நிலக்கடலை எண்டு சொல்லுறதுக்கு, வாறது பழைய லிட்டூராதான், அது அம்மம்மா காலத்தில இருந்தே இருக்கு. ஒரு கேள்வி, காத்தில பறந்து வந்ததெண்டு சொல்லுகினம், உண்மையா அவ்வளவு தூரம் பறக்குமோ? கடல் தாண்டியுமோ?

—

இரவுவிளக்கு – காலை 9.30

பறக்கும். ஃப்ரூஜிபெர்டா நல்ல காத்து கெடைச்சா ஒரு ராத்திரிக்கு 100 கிலோமீட்டர் வரைக்கும் போகும். இந்தப் பேரினத்தோட பரவல் புரியணும்னா ஒரு விஷயம் தெரிஞ்சா போதும், ஃப்ரூஜிபெர்டா, எக்சிகுவா, லிட்டூரா எதுக்கும் குளிர்கால உறக்கம் கிடையாது. ஐரோப்பாவுல பல அந்துப்பூச்சி கூட்டுப்புழுவா மண்ணுக்குள்ள தூங்கி பனிய ஓட்டிடும், இதுங்களால முடியாது, உறைபனி வந்தா செத்துடும். அதனால ஃப்ரூஜிபெர்டா தெற்கு ஃபுளோரிடாவுலயும் தெற்கு டெக்சாஸ்லயும் குளிர்காலத்தக் கழிச்சுட்டு, ஒவ்வொரு கோடைக்கும் தலைமுறை தலைமுறையா வடக்க ஏறி கனடா வரைக்கும் போகும், அங்க போனதெல்லாம் பனியில சாகும், அடுத்த வருஷம் மறுபடி தெற்க இருந்து புதுசா கெளம்பும். நம்மூர்ல குளிரே இல்ல, சோளம் ஏதாவது ஒரு பக்கம் எப்பவும் நிக்குது, அதனால வருஷம் பூரா இங்கயே குடும்பம் நடத்துது. 2020 தொடக்கத்துல ஆஸ்திரேலியாவுக்கும் பப்புவா நியூகினிக்கும் நடுவுல இருக்கிற டாரஸ் நீரிணைத் தீவுகள்ல பொறியில விழுந்துச்சு, கொஞ்ச நாள்ல குயின்ஸ்லாந்துலயும் கெடைச்சது.

மத்ததையும் சொல்லிடறேன். லிட்டூராவுக்கு அச்சு அசலா ஒரு ஜோடி இருக்கு, லிட்டோராலிஸ். ஆப்பிரிக்காவும் மத்தியதரைக் கடல் ஓரமும் அதோடது, எகிப்துல பருத்திக்கு அதுதான் எதிரி. ரெக்கையப் பாத்து பிரிக்கவே முடியாது, வயித்து நுனிய அறுத்து இனப்பெருக்க உறுப்பப் பாக்கணும், இல்லன்னா டிஎன்ஏ. போட்டோ போடுற இணையதளத்துல பல பேர் பாத்தவுடனே லிட்டூரான்னு எழுதிடறாங்க, இந்தியாவுல எடுத்த படமா இருந்தா இடத்த வச்சு ஒத்துக்கலாம்.

கிழக்கு ஆப்பிரிக்காவுல எக்செம்ப்டா. புல் வகையும் கோரை வகையும் மட்டும்தான் தின்னும், முதல் மழை பெஞ்சதும் கென்யா, தான்சானியா பக்கம் கூட்டம் கூட்டமா வரும், கூட்டமா இருக்கும்போது புழு கன்னங்கரேல்னு ஆயிடும், தனியா இருந்தா பச்சை. 2009ல லைபீரியாவுல லட்சக்கணக்குல புழு வந்து ஊரையே காலி பண்ண வச்சப்ப முதல்ல எக்செம்ப்டான்னுதான் உலகத்துக்கே சொன்னாங்க, பரிசோதிச்சப்புறம்தான் தெரிஞ்சது அது ஆகீயான்னு வேற பேரினம், மரத்து இலை தின்கிறது. பேர் தப்பாப் போனா எங்க தேடணும்கிறதே மாறிடும், மேல ஐயா சொன்னதுக்கு இதவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியல.

அமெரிக்காவுல எரிடேனியா, கோஸ்மியாய்ட்ஸ், ஆர்னிதோகல்லி, டோலிகோஸ்னு ஒரு பட்டாளமே இருக்கு. இதுல எரிடேனியா இப்ப மேற்கு ஆப்பிரிக்காவுக்கு வந்துடுச்சு, நைஜீரியா, பெனின், கேமரூன்ல எல்லாம் பாத்திருக்காங்க. ஃப்ரூஜிபெர்டா போன அதே வழியில போகுதோன்னு எனக்குக் கவலையா இருக்கு. காலபாகோஸ் தீவுல ரோசீ, மடகாஸ்கர்ல மலகாசின்னு அந்தந்தத் தீவுக்கே ஒண்ணு.

எனக்கு ரொம்பப் புடிச்சது பெக்டினிகார்னிஸ். இந்தியாவுலயும் தென்கிழக்கு ஆசியாவுலயும் இருக்கு, குளத்துல மிதக்கிற ஆகாயத்தாமரையத்தான் தின்னும். ஊதாப்பூ பூக்கிற வெங்காயத்தாமரைய நெறைய பேர் ஆகாயத்தாமரைங்கிறாங்க, நான் சொல்றது ரோசாப்பூ மாதிரி அடுக்கடுக்கா வெளிர் பச்சையில மிதக்குமே, அது. 1990கள்ல தாய்லாந்துல இருந்து இத ஃபுளோரிடாவுக்குக் கொண்டுபோய் ஏரிகள்ல விட்டுப் பாத்தாங்க, நிலைக்கல. 30 சிற்றினத்துல பாதி கெடுக்குதுன்னு மொத்தப் பேரினத்தையும் வெறுக்க எனக்கு மனசு வராததுக்கு இந்தச் சின்ன அந்துதான் காரணம்.

—

சோதனைக்குழாய் – பகல் 1.10

லேப்ல வேலை பாக்குறவன், இது ஒண்ணு மட்டும் சேத்துக்கறேன். ஃப்ரூஜிபெர்டாவோட கூட்டுப்புழுவோட சூலகத்துல, அதாவது முட்டை உண்டாகுற உறுப்புல இருந்து எடுத்த செல்லுல இருந்து உண்டாக்கின எஸ்எஃப்9ங்கிற செல்வரிசைய (லேப்ல தொடர்ந்து பெருகிக்கிட்டே இருக்கிற செல்கள்) எங்க லேப்ல தினமும் வளக்குறோம், புரதம் தயாரிக்க அவ்வளவு உதவியா இருக்கும். புனேல தயாரிச்ச கோவோவாக்ஸ் கொரோனா தடுப்பூசியோட புரதமும் இந்த செல்லுலதான் உண்டாக்குனது. எங்க அம்மா சோளம் போட்டு இந்தப் புழுவால நஷ்டப்பட்டவங்க, அவங்ககிட்ட இதச் சொன்னப்ப ரொம்ப நேரம் பேசாம இருந்தாங்க.

—

கொல்லைமேட்டான் – மாலை 6.30

எல்லாருக்கும் நன்றி. இன்னிக்குக் காலையில கொல்லைக்குப் போயி 20 குருத்து பிரிச்சுப் பாத்தேன், 13ல புழு. தலைகீழ் ஒய் தெரியுது, நாலு புள்ளி அப்படியே கட்டம் போட்ட மாதிரி இருக்கு. சில புழுவுல ஒய் அவ்வளவு தெளிவா இல்ல, ஆனா புள்ளி எல்லாத்துலயும் இருக்கு. பருத்தியில முன்பக்கம் ரெண்டு கறுப்புத் திட்டு, முதுகோரமா மஞ்சக் கோடு, அது லிட்டூராதானே? சித்தப்பாகிட்ட சொல்லி வரப்புல ஆமணக்கு போடச் சொல்லிருக்கேன்.

ஐயா, வேப்பம்புண்ணாக்கு போடல, அடுத்த பட்டத்துக்குப் போடறேன். ஃப்ரூஜிபெர்டா மாத்திரைன்னு பேர் எழுதியே எடுத்துட்டுப் போய்க் கேட்டேன், நாளைக்கு வரும்னாங்க. வெங்காயத்தாள கிழிச்சுப் பாத்தேன், உள்ள பச்சையா ஒரு புழு, பக்கவாட்டுல வெளிர் கோடு, ஆனா ஒண்ணு மட்டும் நல்லா கறுப்பா இருக்கு. அதுவும் எக்சிகுவாதானா இல்ல நாலாவதா ஒண்ணு வந்திருக்கான்னு தெரியல, டப்பாவுல தாளோட போட்டு வச்சிருக்கேன், அந்தாகி வந்ததும் ரெக்கைய போட்டோ எடுத்துப் போடறேன்.