8 வயசுல எடுத்து 14ல வெளிய அனுப்புறாங்களே, இங்கிலாந்து ஃபுட்பால் கிளப்புங்க பசங்கள வளக்குற அகாடமில என்னதான் நடக்குது?

கார்னர்கிக் கண்ணன்:
ஃபுட்பால் பிளேயர் எஸே கதைய படிச்சிட்டு இருந்தேன். 13 வயசுல நீ வேணாம்னு ஆர்சனல் கிளப் அனுப்பிட்டாங்க, பையன் ஃபுல்ஹாம், ரீடிங், மில்வால்னு சுத்தி எங்கயும் நிக்க முடியாம, கடைசில கியூபிஆர், பேலஸ்னு ஏறி வந்து 2025ல அதே ஆர்சனல் காச கொட்டி வாங்குது. ஹாரி கேனயும் சின்ன வயசுலயே கழட்டி விட்டவங்க இவங்கதான். டெக்லன் ரைஸ 14 வயசுல செல்சி விட்டுச்சு. இவ்ளோ ஸ்கவுட், கோச், டேட்டா எல்லாம் வச்சிக்கிட்டு எப்படிய்யா கோட்டை விடுறாங்க? உள்ள என்னதான் பாக்குறாங்க? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

ஹாஃப்டைம் டீ:
முதல்ல செட்டப்ப சொல்லிடுறேன் ப்ரோ. 2012ல ஒரு பெரிய மாத்தம் வந்துச்சு, அதுக்கப்புறம் அகாடமிங்கள கேட்டகிரி 1ல இருந்து 4 வரைக்கும் தரம் பிரிக்கிறாங்க, கிரவுண்ட், கோச், மெடிக்கல், படிப்பு எல்லாத்தயும் பாத்து. 6, 7 வயசுல சும்மா வந்து ஆடிட்டு போவாங்க, முறையா ரெஜிஸ்டர் பண்றது 9 வயசு டீம்ல இருந்துதான். சின்ன பசங்களுக்கு 11 பேர் மேட்ச் வைக்க மாட்டாங்க, சின்ன கிரவுண்ட், சின்ன டீம், அப்பதான் ஒவ்வொருத்தன் காலுக்கும் பந்து அடிக்கடி வரும். 12ல இருந்து 16 வரைக்கும்தான் நிஜமான வடிகட்டல். 16ல 2 வருஷ ஸ்காலர்ஷிப், கூடவே படிப்பும் உண்டு. ப்ரோ காண்ட்ராக்ட் 17 ஆனாதான்.

லேட் ரன்னர்:
கண்ணன் கேட்டதுக்கு பதில் பிறந்த மாசத்துல இருக்கு, சிரிக்காதீங்க. அங்க வயசு கணக்கு செப்டம்பர்ல ஆரம்பிச்சு ஆகஸ்ட்ல முடியுது. அதனால செப்டம்பர்ல பிறந்தவன், அடுத்த ஆகஸ்ட்ல பிறந்தவன் ரெண்டு பேரும் ஒரே டீம்தான், ஆனா கிட்டத்தட்ட ஒரு வருஷ வித்தியாசம். 9 வயசுல ஒரு வருஷம்னா உயரம், வேகம், பலம் எல்லாத்துலயும் தெரியும். மூத்தவன் முட்டி தள்ளிட்டு ஓடுவான், பாக்குறவங்க அத திறமைனு எழுதிப்பாங்க. எஸே ஜூன், கேன் ஜூலை. 7 வயசுல ஆர்சனலோட ஹேல் எண்ட் அகாடமிக்கு வந்து அப்படியே மேல வரைக்கும் போன சாகா? செப்டம்பர் 5. ரைஸ் ஜனவரி, அதனால இத வச்சு எல்லாத்தயும் சொல்லிட முடியாது, ஆனா மொத்தமா பாத்தா அகாடமிங்கள்ல செப்டம்பர், அக்டோபர், நவம்பர் பசங்க கூட்டம் எப்பவுமே அதிகம்தான். வளர்ச்சி லேட்டா வர்றதும் தனி பிரச்சனை, ஜேமி வார்டிய 16 வயசுல ஷெஃபீல்டு வென்ஸ்டே கிளப் உயரம் பத்தலனு விட்டாங்க. இதுக்காகத்தான் இப்ப சில நேரம் வயச விட்டுட்டு, பெரியவனானா எவ்ளோ உயரம் வருவான்னு கணக்கு போட்டு, அதுல எத்தனை சதவீதம் வளந்துட்டான்னு பாத்து டீம் பிரிச்சு ஆட விடுறாங்க. அப்ப சின்ன உடம்புக்காரனும் பந்த வச்சு ஏதாவது பண்ணி காட்டலாம், பெரிய உடம்புக்காரனும் பலத்த மட்டும் நம்ப முடியாது. எனக்கு கேட்டா அகாடமியோட பாதி வேலை சொல்லிக் கொடுக்கறது இல்ல, பொறுமையா காத்திருக்கறது. அதுதான் அவங்களுக்கு வரல.

வடக்கு லண்டன் வாசி:
காத்திருக்க காசு வேணுமே தம்பி. பிரெண்ட்ஃபோர்டு கிளப் 2016ல அகாடமியவே இழுத்து மூடுனாங்க, வளத்து விட்ட பையன பெரிய கிளப் வந்து சின்ன தொகைக்கு தூக்கிட்டு போனா எதுக்கு வளக்கணும்னு. அதுக்கு பதிலா மத்தவங்க கழட்டி விட்ட பசங்கள வச்சு பி டீம் நடத்துனாங்க, செம மூளை. பெரிய கிளப்புக்கு வேற கணக்கு. சொந்த அகாடமி பையன வித்தா அக்கவுண்ட்ல முழுசா லாபம், ஏன்னா அவன வாங்க எதுவும் கொடுக்கல. செல்சி அவங்க அகாடமி பசங்க மவுண்ட், கேலகர் ரெண்டு பேரயும் வித்தது ஞாபகம் இருக்கா?

இங்க என்கூட வேலை செய்யற ஒருத்தர் பையன் அகாடமில இருந்தான். சாயங்காலம் ஆனா ட்ரெயினிங், ஞாயிறு மேட்ச், வீட்டு கார் முழுக்க ஷூ நாத்தம். 14ல விட்டதும் பள்ளிக்கூடத்துல போய் முகத்த காட்டவே கூச்சப்பட்டான். இப்ப பேலஸ் மாதிரி கிளப் 18 வயசுக்கு மேல வெளிய போறவங்களுக்கு ஆஃப்டர்கேர்னு வச்சு படிப்பு, வேலைக்கு உதவுறாங்க, நல்ல விஷயம். ஆனா 14 வயசுப் பையனுக்குத்தானே அது முதல்ல வேணும்?

கார்னர்கிக் கண்ணன்:
பிறந்த மாசம் மேட்டர் தலைய சுத்துது. அப்ப கேன ஸ்பர்ஸ் (டாட்டன்ஹாம்) மட்டும் எப்படி பிடிச்சாங்க?

லேட் ரன்னர்:
11 வயசுல எடுத்தாங்க, உடனே ஒண்ணும் நடந்துடல. லேட்டன் ஓரியண்ட், மில்வால், நாரிச், லெஸ்டர்னு வேற கிளப்புங்களுக்கு லோன்ல, அதாவது கொஞ்ச நாளைக்கு மட்டும் ஆட, ஊர் ஊரா அனுப்பி 21 வயசு வரைக்கும் விடாம வச்சிருந்தாங்க. நானும் ஸ்பர்ஸ்தான், இத மட்டும் பெருமையா சொல்லிக்குவேன். கோப்பைய பத்தி கேக்காதீங்க, அதுக்கு அவன் ஜெர்மனி கிளப் பேயர்ன் போக வேண்டி வந்துச்சு, அவன் போனப்புறம் நாங்க யூரோப்பா லீக் கோப்பை ஜெயிச்சோம் 😭