புதுப்பிப்பு: டெலிகன்வர்ட்டர் மாட்டியபின் தடுமாறிய ஆட்டோஃபோகஸ்

மதுரை அருகே அரிட்டாபட்டிப் பாறையில் அமரும் ராஜாளியைப் படமெடுக்கையில், 400 மி.மீ. எஃப்/5.6 லென்ஸுடன் 2 மடங்கு டெலிகன்வர்ட்டரை (லென்ஸுக்கும் கேமராவுக்கும் இடையே பொருத்தும் உருப்பெருக்கி) மாட்டினால் ஆட்டோஃபோகஸ் (தானாகக் குவியம் காணும் வசதி) நிலைகொள்ளாமல் அலைகிறது என்று கேட்டிருந்தேன். பதிலளித்த அனைவருக்கும் நன்றி.

அந்தக் கன்வர்ட்டர் இரண்டு ஸ்டாப் ஒளியைக் குறைத்து (அதாவது கால் பங்காக்கி), அதைக் கேமராவுக்குத் தெரிவிக்காமலேயே லென்ஸ் துளையை எஃப்/11 ஆக்கிவிடுவதால் (எண் கூடக்கூடத் துளை சிறிது), எஃப்/8 வரை மட்டுமே குவியம் காணும் என் டிஎஸ்எல்ஆர் திணறுகிறது என்று விளக்கி, எஃப்/8-இலேயே நிற்கும் 1.4 மடங்கு கன்வர்ட்டருக்கு மாறி நடுக் குவியப்புள்ளியை மட்டும் பயன்படுத்தச் சொன்ன நண்பரின் யோசனையே பலித்தது. வேகம் சற்றுக் குறைவுதான். ஆனால் அலைச்சல் நின்றது. குவியம் தேடும் தொலைவைக் குறுக்கும் லென்ஸின் வரம்புப் பொத்தானும் கொஞ்சம் உதவியது.

எதிர்பாராதது ஒன்று: நண்பகல் படங்களில் மிஞ்சியிருந்த மங்கலுக்குக் கன்வர்ட்டர் காரணமன்று, பாறையிலிருந்து எழும் கானலே காரணம். வீணாகக் கன்வர்ட்டரைத் திட்டியிருக்கிறேன். காலை ஏழு மணிக்கு அதே அமைப்பில் இறகுகள் தெளிவாக விழுந்தன.