பிரின்ஸ் ஆஃப் பெர்சியா: கண்ணாடிக்குள்ளிருந்து வந்த நிழல் ஆள்

கொழிஞ்சாம்பாறைக்காரன்:
1998இல் எங்கள் ஊரில் தையல்கடை மாடியில் ஒரு கம்ப்யூட்டர் சென்டர் இருந்தது. பலகை மலையாளத்தில், சாரின் திட்டு தமிழில். அங்கேதான் பிரின்ஸ் ஆஃப் பெர்சியா என்ற கம்ப்யூட்டர் விளையாட்டில் இளவரசனை ஓடவும் தாவவும் விடுவோம். கறுப்பு வெள்ளை மானிட்டர் என்பதால் எந்தக் குப்பி மருந்து, எது விஷம் என்று குடித்துப் பார்த்துத்தான் தெரிந்துகொள்வோம். நாலாவது லெவலில் கண்ணாடிக்குள் ஓடிக் குதித்ததும் நம்மைப் போலவே ஒருவன் மறுபக்கம் பாய்ந்து ஓடினான். உடம்பெல்லாம் விளிம்பு விளிம்பாக மினுங்கியது. மானிட்டர் போச்சு என்று சார் ஓடிவந்து அதன் தலையில் இரண்டு தட்டு தட்டினார். உயிர் ஒன்றே ஒன்று மிச்சம், அந்தப் பழியும் என் மேல்! அவனை ஏன் அப்படி வரைந்தார்கள் என்று யாருக்காவது தெரியுமா?

டாஸ் மாமா, வாளையார்:
தம்பி, மானிட்டர் மேல் தப்பில்லை. விளையாட்டை எழுதிய ஜோர்டன் மெக்னர் முதலில் ஆப்பிள் 2 கணினிக்காகத்தான் செய்தார், 1989இல் வெளிவந்தது. இளவரசனின் ஓட்டமும் தாவலும் அவர் தம்பி டேவிட்டுடையவை. வெள்ளை உடுப்பு மாட்டிவிட்டு ஒரு கார் நிறுத்துமிடத்தில் ஓடவிட்டு வீடியோ எடுத்தார். அப்புறம் டிவியில் ஒவ்வொரு அசைவாக நிறுத்தி போட்டோ பிடித்து, கறுப்பு மையும் வெள்ளை மையும் பூசிக் கணினிக்குள் ஏற்றினார். இத்தனை படங்களும் உள்ளே போனதும் நினைவகம் நிரம்பிவிட்டது. எதிரிக்கென்று தனிப் படம் போட இடமில்லை.

சண்டை வேண்டும், சண்டை வேண்டும் என்று டோமி பியர்ஸ் என்ற தோழி விடாமல் நச்சரித்தார். அதனால் மெக்னர் இளவரசனின் படத்தையே ஒரு புள்ளி தள்ளி, அதன் மேலேயே போட்டு, இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று விழுந்த இடத்தை அழித்தார். கணினியில் இதற்கு எக்ஸ்-ஆர் கணக்கு என்று பெயர். விளிம்பு மட்டும் மிஞ்சும். திருவிழா நோட்டீஸில் கலர் விலகி அச்சாகியிருக்குமே, ஏறக்குறைய அந்த மாதிரி. புதிதாக ஒரு படம்கூட வேண்டாம், ஆள் ரெடி. காவலாளிகளுக்கு இடம் தேடிப் பிடித்தது அதற்கப்புறம்தான்.

கோவை குமாரு:
வாள் சண்டை 1938இல் வந்த ராபின் ஹூட் படத்திலிருந்து எடுத்தது. எரோல் ஃபிளின்னும் பாசில் ராத்போனும் மோதுவதில் பக்கவாட்டாகத் தெரியும் சில நொடிகள் மட்டும். இசை மெக்னரின் அப்பாவுடையது. அந்த அப்பா வீட்டில்தான் மூல நிரலின், அதாவது மெக்னர் எழுதிய புரோகிராமின், பிளாப்பிகள் 2012இல் கிடைத்தன. குடும்பமே உழைத்திருக்கிறது! எங்கள் வீட்டில் கேம் என்றாலே விளக்குமாறு.

கொழிஞ்சாம்பாறைக்காரன்:
ஆகா, நன்றி மாமா. இப்போது இன்னொன்றும் விளங்குகிறது. பன்னிரண்டாவது லெவலில் அந்த நிழல் ஆளை வெட்ட வெட்ட எனக்கே உயிர் குறைந்தது. கீபோர்டு பழுது என்று நினைத்து இடம் மாறி உட்கார்ந்தேன். அத்தை மகன்தான் வாளை உறையில் போடு என்றான். போட்டதும் அவனும் போட்டுவிட்டான். ஓடிப்போய் மோதினேன், இரண்டு பேரும் ஒன்றானோம். அப்புறம் எதிரே இருந்த வெறும் பள்ளத்தில் காலை வைத்தால் தரை முளைக்கிறது! விளையாட்டின் ஒரு மணி நேரக் கெடுவில் நாலு நிமிடம் மிச்சம் இருந்தது. அப்போது பார்த்து கரண்ட் போனது.