டூ ஃபார் த ரோட் (1967): பயண வரிசை பிடிபடவில்லை

ஆட்ரி ஹெப்பர்ன், ஆல்பர்ட் ஃபின்னி நடித்து ஸ்டான்லி டோனன் இயக்கிய இந்தப் படத்தை ரொம்ப நாள் கழித்துத் திரும்பப் பார்த்தேன். கணவன் மார்க் தொலைத்த பாஸ்போர்ட்டை மனைவி ஜோவன்னா எடுத்து நீட்டும் இடம் முன்பு சிரிக்க வைத்தது, இப்போது மனசு கனத்துப்போனது. பிரான்சில் போகும் பயணங்களைக் கலைத்துப் போட்டிருப்பதால், மண வாழ்க்கை எங்கே விரிசல் விட்டது என்று பிடிபடவில்லை. காட்சிகளைத் தாளில் எழுதினேன், தலையலங்காரத்தை ஒப்பிட்டேன், அப்புறம் கார்களை. லிஃப்ட் கேட்டுப் போவது முதலில், அமெரிக்கக் குடும்பத்தோடு போவது அடுத்து, பிறகு எம்ஜி கார், கடைசியில் வெள்ளை மெர்சிடிஸ், இதுவரை சரி. நடுவில்தான் சிக்கல். மார்க் தனியாகப் போகும் பயணம் முந்தியதா, குழந்தையோடு போவதா?